இரண்டாம் வகுப்பின் இருபது நிமிடம்

லிஸி டீச்சர் போய்விட்டார் என்று அவருடைய கணவர் அழைத்துச் சொன்னபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாகப் பயந்திருந்த செய்திதான். ஆனாலும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு நாற்பத்தொரு வயது. என்னைவிடப் பதினான்கு வயது இளையவர்.

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் தொடக்கப்பள்ளியில் அவருக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டி மட்டும். அவர் வந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒருநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் திடீரென்று சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தோடு இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நிமிடம்தான். ஒருவன் எழுந்து ஓடியதும் நிறுத்திவிட்டார், திட்டவில்லை. மறுநாள் புத்தகத்தை எப்படி எடுப்பது, எங்கே உட்காருவது, எப்படித் திருப்பி வைப்பது என்று முதலிலிருந்து செய்து காட்டினார். ஓணம் விடுமுறைக்குள் அந்த மூன்று நிமிடம் இருபது நிமிடமாகிவிட்டது. வாசித்து முடித்ததும் அவரவர் நோட்டில் தோன்றியதை எழுதுவார்கள்.

அந்த நோட்டுகள்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக்குப் பத்துப் பிழை. ஒரு திருத்தம்கூட இல்லை. தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு இது தெரியாது. லிஸி டீச்சருக்குத் தெரியும். அன்று மாலை அவர் ஒரு நோட்டைத் திறந்து என் மேசையில் வைத்தார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தாள்: ‘அப்பா துபாய் பொயாச்சு. அம்ம அளுதா. நான் அளல.’

“இதுல நான் எங்க டீச்சர் சிவப்பு மை போட?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ழகரத்தை நாளைக்குப் பலகையில் எல்லோருக்குமாகச் சொல்லித் தருவதாகவும், அவள் நோட்டில் கை வைக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

நோய் வந்து அவர் விடுப்பில் போனதும் இரண்டு வகுப்பும் என்னிடம் வந்தன. பாடத்தை முடிக்கிற அவசரத்தில் அந்த இருபது நிமிடத்தை எடுத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரைப் பார்க்கப் போனேன். தலையில் துணி கட்டி, கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“பிள்ளைய தனியா வாசிக்குதுவளா டீச்சர்?”

“வாசிக்குதுவ. இருபது நிமிஷம்” என்றேன்.

“அது போதும்” என்று கண்களை மூடிக்கொண்டார்.

மறுநாளே தொடங்கினேன். வாசிப்பு மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. நடுவில் பேசிக் கெடுத்தது நான்தான். அவரிடம் கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார். கேட்டால் என் பொய் தெரிந்துவிடும். தட்டுத் தடுமாறிப் பதினான்கு நிமிடம் வரை வந்திருந்தபோது அவர் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை இருபது ஆனது. சொல்ல வேண்டியவர் இல்லை. அவரோடு பழகிய உங்களிடம் சொல்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகள் எழுதும்போது அவர் செய்ததுபோல நானும் ஒரு நோட்டைத் திறந்து அவர்களோடு தரையில் உட்காருகிறேன். அவரிடம் சொன்ன பொய்யைத்தான் அதில் முதலில் எழுதினேன்.