அச்சடிக்காத ஐந்து படங்கள்

எங்கள் வீட்டில் ஒரு பிலிம் சுருளை முடிக்காமல் கழுவக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. இருபத்துநான்கு படம் எடுக்கலாம் என்றால் இருபத்துநான்கும் எடுத்தாக வேண்டும். அதுவரை கமரா அலுமாரிக்குள் காத்திருக்கும். ஆடியில் நான் வெட்டிய பிறந்தநாள் கேக்கின் முகத்தைக் கார்த்திகையில்தான் பார்ப்பேன். அந்த வருடச் சுருளில் என் பிறந்தநாள் இருந்தது, சரஸ்வதி பூசைக்கு நான் ஆடிய கோலாட்டம் இருந்தது, அப்பா வாங்கிய பழைய கார் நாலு பக்கத்திலிருந்தும் இருந்தது. மிச்சம் ஐந்து படம் எடுக்க இடமிருந்தது. அந்த ஐந்தையும் முடித்துத் தருகிறேன் என்று மாமா கமராவை வாங்கிக்கொண்டு போனார்.

மாமா அம்மாவின் தம்பி. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடியில் நாங்கள் இருந்த வீட்டின் வரவேற்பறை சோபாதான் அவருடைய படுக்கையறை. எங்களுக்குப் பல வருடம் முன்பே, நாட்டில் போர் மூண்டு நிலைமை முற்றாகக் கெடுவதற்கு முதலே, அவர் கனடாவுக்கு வந்துவிட்டார். அம்மாவும் நானும் கொழும்பில் ஒரு லொட்ஜில் எட்டு மாதம் கிடந்து, அதன் பிறகுதான் அப்பாவிடம் வந்து சேர்ந்தோம். எனக்கு அந்த லொட்ஜ் நல்ல இடமாகவே நினைவிருந்தது. கீழே ஐஸ்பழம் விற்பார்கள். அடிக்கடி காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து எங்கள் பெட்டியைத் திறந்து கொட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் ஒருமுறை என் கன்னத்தைக் கிள்ளினார்.

மாமா ரெக்ஸ்டேலில் கதவு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு மேலாளாக இருந்த போர்மன் ஒரு வெள்ளைக்காரர், மான் வேட்டைப் பைத்தியம். மாமாவுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பெர்மிற் எடுத்து, சொந்தமாக மான் சுடும் துவக்கு ஒன்றும் வாங்கிவிட்டார். அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார், அது வீட்டு வாசல்படி ஏறக்கூடாது. ஆகவே துவக்கு விட்பியில் போர்மன் வீட்டு இரும்பு அலுமாரிக்குள் பூட்டுப் போட்டு இருந்தது. மாமா இரண்டு பருவம் வேட்டைக்குப் போனார். எந்த மானுக்கும் அவரால் ஒரு தீங்கும் நேரவில்லை.

அந்தக் கார்த்திகையில் மாமாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணும் பெண்ணின் தாயும் ஊரை விட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். மாமா முதலில் அனுப்பிய படம் பத்து வருடப் பழசு. அதில் தலை நிறைய முடி. இப்போதைய படம் ஒன்று வேண்டும் என்று பெண் வீட்டார் எழுதியதும் மனிதர் ஆடிப்போனார். தலையில் முன்பாதி எப்போதோ போய்விட்டது. தெய்வமே என்று அவருக்குக் கிடைத்தது வேட்டைக்காரர்கள் போடும் செம்மஞ்சள் தொப்பி. காட்டில் போர்மன் எடுத்த படங்களில் மாமா ஒரு காலை மரக்குற்றியில் வைத்து, துவக்கை மார்புக்குக் குறுக்கே பிடித்து, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாராம். எங்களுக்கு நடித்தே காட்டினார்.

ஒன்பதாம் மாடி அன்ரி ஒருவர் சனிக்கிழமை கொழும்புக்குப் பயணம். அவருடைய கையில் கடிதமும் படமும் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை பின்னேரம், கழுவக் கொடுத்த படங்களை வாங்க மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "எனக்கு இங்கிலீஷ் வரும், கோவம் வந்தால் வராது, நீயும் வா பிள்ளை" என்றார். கோபப்பட என்ன இருக்கிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

கடையில் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மையார் உறையை நீட்டினார். மாமா அங்கேயே பிரித்து எண்ணினார். பத்தொன்பது. என் கேக், கோலாட்டம், நாலு பக்கக் கார் எல்லாம் இருந்தன. காட்டுப் படங்கள் ஐந்தும் இல்லை. நெகற்றிவ் மட்டும் இருந்தது, கூடவே ஒரு சிறு துண்டுக் கடதாசி. துவக்கு இருக்கிற படங்களை இந்தக் கடையில் அச்சடிப்பதில்லை என்று அதில் எழுதியிருந்ததை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"சட்டப்படி வாங்கின துவக்கு எண்டு சொல்லு" என்றார் மாமா. சொன்னேன். பெர்மிற்றைப் பணப்பையிலிருந்து உருவி மேசையில் வைத்தார். அம்மையார் கண்ணாடியைப் போட்டு அதை மரியாதையாகப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். உங்களில் ஒரு குற்றமும் சொல்லவில்லை, இது சட்டமல்ல, கடை முதலாளியின் விதி, யார் கொண்டுவந்தாலும் இதுதான் பதில் என்றார். மாமாவின் காது சிவந்தது. அவர் சொன்னதுபோலவே இங்கிலீஷ் போய்விட்டது.

"மானைச் சுட கவுண்மென்ற் விடுதாம். சுடப்போன ஆளைப் படத்தில காட்ட இவ விடமாட்டாவாம். இதைச் சொல்லு அவவுக்கு."

எனக்கு அவ்வளவு நீளமாகச் சொல்லத் தெரியவில்லை. மாமா கவலைப்படுகிறார் என்று மட்டும் சொன்னேன். அம்மையார் தானும் கவலைப்படுவதாகச் சொல்லி எனக்கு ஓர் இனிப்புத் தந்தார். மாமா என்னை முறைத்தார்.

வழியெல்லாம் அவர் கடையைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதே கதை. நாளைக்கு வேலை முடிந்து வந்து வேறு கடையில் நெகற்றிவைக் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் தருவார்கள், அன்ரி புறப்பட முதல் கையில் கொடுத்துவிடலாம் என்றார். அம்மா பருப்பைக் கிண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "உதையோ கொழும்புக்கு அனுப்பப்போறாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாமா ஓம் என்றதும் அடுப்பை அணைத்தார். பருப்பு இன்னும் அவிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா ஜன்னலடியில் நின்று நெகற்றிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மாமாவின் பற்கள் கறுப்பாகவும், துவக்கு வெளிறியும், தொப்பி நீலமாகவும் இருந்தன. அம்மா கத்தரிக்கோலை எடுத்து அந்த ஐந்தையும் வெட்டினார். பிறகு ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினார், பிறகு அரிசி அளவுக்கு வெட்டினார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. தம்பிக்குக் கலியாணம் நடந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவார் என்ற எரிச்சலில்தான் அம்மா இப்படிச் செய்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். பள்ளிக்கூடம் போகும்வரை அவரோடு கதைக்கவில்லை.

பின்னேரம் மாமா உறையைத் தேடினார். அம்மா ஒளிக்கவில்லை, நேராகவே சொல்லிவிட்டார். மாமா கத்தினார். யாரும் அவரை நம்புவதில்லை, கடைக்காரியும் இல்லை, கூடப்பிறந்தவளும் இல்லை என்றார். "இது கனடா அக்கா, நான் ஒரு பிழையும் செய்யேல்லை" என்றார்.

"நீ கனடாவில இருக்கிறாய். காயிதம் போறது கனடாவுக்கோ?" என்றார் அம்மா.

மாமா போய்ச் சோபாவில் இருந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதம் எங்கே போனால் என்ன, படம் ஒரே படம்தானே. அவ்வளவு சட்டம் பேசிய மனிதர் அம்மாவின் ஒரு சொல்லுக்கு மடங்கிப்போனதில் எனக்கு அவர்மீதும் வெறுப்பு வந்தது.

அன்று கடை பூட்ட முதல் மூன்று பேரும் போனோம். அதே கடையில் கடவுச்சீட்டுப் படம் உடனே எடுத்துத் தருவார்கள். மாமா தொப்பியில்லாமல் ஸ்ரூலில் இருந்தார். விளக்கு வெளிச்சம் அவருடைய தலையில் பட்டுத் தெறித்தது. சிரிக்கச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. படத்தை வாங்கிக்கொண்டதும் அம்மா என் தோளில் கைவைத்து, அந்த அம்மையாருக்கு நன்றி சொல்லு என்றார். சொன்னேன். "இந்தப் படத்துக்கில்லை, அந்தப் படங்களைத் தராததுக்கு" என்றார். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே அதையும் சொன்னேன். அம்மையார் முழித்தார். நேற்று மாமாவிடம் வாங்கிய பேச்சுக்கு இன்று நன்றி வருகிறதே என்று அவரும் என்ன நினைத்தாரோ தெரியாது.

எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த மொட்டைப் படத்தைப் பார்த்து எந்தப் பெண் சம்மதிப்பாள்? வீட்டுக்கு வந்ததும் என் கலர் பென்சில்களை எடுத்தேன். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து மாமாவைக் கீறினேன். மரக்குற்றியில் ஒரு கால், எல்லாப் பல்லும், செம்மஞ்சள் தொப்பி. துவக்கைத்தான் கவனமெடுத்து, அடிமட்டம் வைத்துக் கீறினேன். கீழே 'எங்கட மாமா' என்று எழுதினேன். சனிக்கிழமை காலை கடிதத்தை ஒட்டி ஒன்பதாம் மாடியில் கொடுத்துவிட்டு வரும்படி மாமா என்னைத்தான் அனுப்பினார். தாளை எட்டாக மடித்து உறைக்குள் தள்ளி, பசையை நக்கி ஒட்டி, அன்ரியின் கையில் கொடுத்தேன். அன்ரி அதைத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

பெண் வீட்டார் சம்மதம் என்று எழுதினார்கள். அடுத்த வருடம் மாமி வந்து சேர்ந்தார். என் படம்தான் வேலை செய்தது என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த இரகசியத்தின் பெருமையிலேயே பல வருடம் திரிந்தேன்.

மாமாவும் மாமியும் பிறகு விட்பியில் வீடு வாங்கினார்கள். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருநாள் அவர்களுடைய குசினியில் மாமியோடு இருந்து, உள்ளே கறி வைத்துப் பொரிக்கிற ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். எதற்கோ பேச்சு லொட்ஜுக்குத் திரும்பியது. மாமாவின் கடிதம் வந்த மறுநாள் விடியவே பொலிஸ் வந்து பெட்டிகளைக் கொட்டியதாம். ஒருவன் மாமாவின் படத்தை எடுத்துப் பார்த்து, தன் தலையைத் தடவிக் காட்டிச் சிரித்துவிட்டு, அதை அப்படியே திருப்பிக் கொடுத்தானாம். மாமி இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து அறையில் கடிதத்துக்குள் துவக்கோடு யாரோ நிற்கிற படம் இருந்ததென்று இரண்டு பெடியளைக் கொண்டுபோனார்களாம், அவர்கள் திரும்பி வரவில்லை என்பதையும் மாமி அதே குரலில்தான் சொன்னார்.

பிறகு ரோல்ஸை முட்டையில் தோய்த்தபடி, என்னைப் பாராமலே சொன்னார்.

"மற்றப் படம் முதல்நாளே என்ர அம்மாவின்ர கண்ணில பட்டிட்டுது. அவ அதைக் கிழிச்சு, தண்ணியில ஊறப்போட்டு, கரைச்சு ஊத்திப்போட்டுத்தான் மற்ற வேலை பார்த்தவ. ஆர் கீறினதெண்டு எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உன்ர மாமாவுக்கும் சொல்லேல்லை."

என் கையிலிருந்த ரோல்ஸ் பிரிந்துபோயிருந்தது. மாமி அதை வாங்கித் திரும்பச் சுற்றினார். "தொப்பி நல்லாத்தான் கீறியிருந்தனி" என்றார்.

கடைக்காரர் அச்சடிக்க மறுத்ததை, அம்மா அரிசி அளவுக்கு வெட்டியதை, நான் அடிமட்டம் வைத்துக் கீறி அந்தப் பெண்ணின் பெட்டிக்குள் அனுப்பியிருந்தேன். ஒன்பதாம் மாடி அன்ரி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்பு விமானநிலையத்தைத் தாண்டியிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. மாமாவின் அந்த மொட்டைப் படத்தை அல்பத்தில் பார்க்கும்போதெல்லாம், நல்லகாலம், அன்றைக்கு நான் வெட்டிப்போட்டேன் என்று நிம்மதியாகச் சொல்வார். நான் ஓம் அம்மா என்பேன்.