காலையில் அளந்த உயரம்

நான் ஆசனம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் பேச்சைக் கேட்டுப் பிழைப்பை விட்டவன் ஒருவனும் உண்டு. அதையும் நானே சொல்லிவிடுவதுதான் நல்லது.

எழுபதுகளின் கடைசி. நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை. வில்லாபுரத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியைக் காலை நேரத்துக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்து வகுப்பு நடத்தினேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் குமாஸ்தாக்கள். இடுப்புவலி, வாயு என்று வருவார்கள். அவர்கள் நடுவே, திருமங்கலத்துப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் ஒருவன் வந்து சேர்ந்தான். விவசாயக் குடும்பம், கல்யாணமானவன், என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன். போலீஸ் ஆள்சேர்ப்பில் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்து திரும்பியிருந்தான். வயது வரம்புப்படி அவனுக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

“ஒரு சென்டிமீட்டர்தாண்ணே. இழுத்து விட்ற முடியாதா?”

“இழுத்தா காதுதான் நீளும் மாப்ள. மொதல்ல முதுக நிமித்துவோம், வா.”

கொஞ்சம் கூன் போட்டு நடப்பான். அதைத் திருத்தினேன். வகுப்பு முடிவில் சவாசனத்தில் கால்மணி நேரம் படுத்து எழுந்ததும், அவனைச் சுவரோடு நிறுத்தித் தலையில் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போடுவேன். நான்காம் மாதம் கோடு வேண்டிய அளவைத் தொட்டது.

“இனிமே நாம சல்யூட் வச்சுத்தான் பேசணும்” என்றார் ஒரு குமாஸ்தா.

அந்த வாரமே அவன் வேறு ஒரு கேள்வியோடு வந்தான்.

“தனியார் பஸ்ல கண்டக்டரா வரச் சொல்றாக. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். எம் பொண்டாட்டி போகச் சொல்றா. போகவா, வேணாமாண்ணே?”

நான் சுவரைக் காட்டினேன். “அதான் அளவு வந்துருச்சே. போலீஸ்காரன்னு நெனச்சு நட. வேணாம்னு சொல்லிரு.”

சொல்லிவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து வந்த தேர்வு நாளில் நானும் போயிருந்தேன். பஸ்ஸில் நின்றே வந்தவன், வெயிலில் வரிசையிலும் நின்றான். அவன் முறை வரும்போது மதியம் இரண்டு மணி. போன வேகத்தில் வெளியே வந்தான். அரை சென்டிமீட்டர் குறைவு.

“செவுத்துல இருந்துச்சுல்லண்ணே?”

அளந்தவர் தப்பாக அளந்திருப்பார் என்று சொல்லி மாடிக்குக் கூட்டிவந்து நிறுத்தினேன். தலை கோட்டுக்குக் கீழேதான் நின்றது. அட்டையை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். மறுநாள் உங்கள் அம்மாவை அட்டை பிடிக்கச் சொல்லி விடிந்ததும் என்னையே அளந்தேன். சாயங்காலம் மறுபடி அளந்தேன். நானும் குறைந்திருந்தேன். படுத்து எழுந்த உடம்பு காலையில் கொஞ்சம் நீண்டிருக்கும்; நின்று நடந்தால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும். முதுகெலும்பைப் பற்றித் தினமும் பேசிய எனக்கு இது தெரியவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் அவனை அளந்திருந்தால் போதும்.

அவன் வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னேன். சிரித்தான்.

“அப்ப காலையில மட்டும் நான் போலீசாக்கும்.”

“இவரு சொன்னாருன்னுதான அந்த வேலைய விட்டீக?” என்றாள் அவன் மனைவி.

“சும்மா இரு புள்ள, அண்ணே வந்திருக்காருல்ல.”

“வரட்டும். வந்து என்ன செய்யப் போறாரு?”

அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் முதலாளியிடம் போனேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

“ஆள் போட்டு ரெண்டு மாசமாச்சு வாத்தியாரே. அவனும் பிள்ளகுட்டிக்காரன். எறக்கி விடவா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே வந்ததும், “நீங்க பஸ் ஏறுங்கண்ணே, நான் நடந்து போய்க்கிறேன்” என்றான். அதன் பிறகு மாடிக்கு வரவில்லை. நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை அந்த மண்டி இருக்கும் தெருவின் முனை வரைக்கும் போனேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.