நாலு நிமிஷம் சாலமோன்

தாம்பரத்திலிருந்து பீச் வரை ஐம்பது நிமிடம். மின்சார ரயிலின் முன்பெட்டியில் ஓட்டுபவருக்கு ஓர் இருக்கை, ஒரு கைப்பிடி, ஒரு பிரேக், எதிரே கண்ணாடி. கழிப்பறை கிடையாது. எனவே மோட்டார்மேன் சாலமோன் டியூட்டிக்கு முன் தண்ணீர் குடிப்பதில்லை.

அது கூடப் பிறந்த பழக்கம் அல்ல. 1973-இல், வேலைக்கு வந்த புதிதில், ஒரு காலை பீச் ஸ்டேஷனில் அடக்க முடியாமல் இறங்கிப் போனார். அங்கே வண்டி திரும்புவதற்கு எட்டு நிமிடம்தான். அதற்குள் மோட்டார்மேன் வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துபோய் ஏற வேண்டும். அன்று வண்டி நான்கு நிமிடம் தாமதம். தாமதமானால் மோட்டார்மேன்கள் அறையில் உள்ள பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். உள்ளதை எழுதினார். அடுத்துக் கையெழுத்துப் போட வந்தவர் சக மோட்டார்மேன் முனிரத்தினம்.

"இன்னா மச்சான், அவ்ளோ ஜனத்த ஒக்கார வெச்சிட்டு தண்ணி பாய்ச்சப் போயிட்டியா?"

அறையே சிரித்தது. சாயங்காலத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது: நாலு நிமிஷம் சாலமோன்.

மறுநாள் முதல் அவர் தண்ணீரை நிறுத்தினார். காலைக் காபிகூட அரை டம்ளர். மே மாதத்திலும் அப்படித்தான். பன்னிரண்டு ஆண்டுகளில் அவரால் ஒரு வண்டியும் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. அதை அவர் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

1985 ஏப்ரலில் இடுப்பின் இடப்பக்கம் வலி தொடங்கியது. ரயில்வே டாக்டரிடம் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று தானே போய்ச் சொல்கிறவனை முதலில் வண்டியிலிருந்து இறக்குவார்கள்; மோட்டார்மேன்கள் எல்லோருக்கும் இருந்த பயம் அது. சிட்லபாக்கம் வீட்டில் மனைவி ரத்தினபாய் மட்டும் கவனித்தாள்.

"என்னங்க, மறுபடியும் இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"வாயு. பூண்டு ரசம் வை."

"மூணு வாரமா வாயுவா? காத்தாடி விடறதுக்குக்கூட அவ்ளோ காத்து வேணாம்."

மே இரண்டாம் வாரம். மீனம்பாக்கம் தாண்டியதும் வலி கத்தி போல இறங்கியது. ஓட்டும் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். விட்டால் வண்டி தானே நின்றுவிடும். விடவில்லை. சட்டை நனைந்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பழவந்தாங்கலில் நிற்க வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, பிறகுதான் கார்டுக்கு மணி அடித்தார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு தோத்தாத்ரி ஓடி வந்தார்.

"சார், என்ன ஆச்சு?"

"என்னால ஓட்ட முடியல. வேற ஆளு அனுப்பச் சொல்லுங்க."

அந்த வலியைவிட அந்த வாக்கியம்தான் கஷ்டமாக இருந்தது என்று பின்னாளில் சொல்வார். வண்டி நாற்பது நிமிடம் நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் திட்டு விழுந்தது.

சிறுநீரகத்தில் கல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"ரெண்டு டம்ளர், சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒட்டகம்கூட கெடைச்சப்போ வயிறு முட்டக் குடிக்கும்யா."

ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது. தினம் மூன்று லிட்டர். ஆறாவது மாதம் மறுபடி எக்ஸ்ரே. சுத்தமாக இருந்தால் கைப்பிடி. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை மேசை.

மேசை தாம்பரத்தில். மற்ற மோட்டார்மேன்கள் வரும் நேரத்தைக் குறிக்கும் வேலை. ஒவ்வொருவரும் அவர் தலைக்கு மேலே ஜன்னலில் தெரிந்த தண்டவாளத்தைப் பார்த்தபடி கையெழுத்திட்டுப் போவார்கள். சாலமோன் அவர்களைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த இருக்கை.

தண்ணீர் குடிப்பது சுலபம். குடித்துவிட்டு ஓட்டுவதுதான் கணக்கு. அந்தக் கணக்கை அவர் மேசையிலேயே போட்டார். ஒரு நீள நோட்டில் கோடு கிழித்து ரயில் அட்டவணை போல எழுதினார். 4.10 எழுந்ததும் இரண்டு டம்ளர். 4.30 ஏரியை ஒட்டி நடை. 5.15 சிறுநீர் கழித்தல். பிறகு எவ்வளவு, எப்போது, எத்தனை நிமிடத்தில் திரும்ப வருகிறது, என்ன நிறம். நிறத்துக்கு ஒன்று முதல் நான்கு வரை எண். ஒன்று என்றால் தெளிந்த தண்ணீர், நான்கு என்றால் டீ டிகாஷன். வண்டி ஓட்டுவதுபோலவே நாளைக் கழித்தார்: ஐம்பது நிமிடத்துக்கு முன் மேசையை விட்டு எழுவதில்லை. எந்த அளவு குடித்தால் உடம்பு ஐம்பது நிமிடம் பொறுக்கும் என்று இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டார். ஒரு விடுமுறை நாளில் டிக்கெட் எடுத்துப் பீச் போய், இறங்கும் இடத்திலிருந்து கழிப்பறைக்கும் அங்கிருந்து மறுகோடிக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். ஆறு நிமிடம் பத்து வினாடி. மூன்று முறை நடந்தார். மூன்று முறையும் அதேதான்.

நோட்டைச் சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியபோது ரத்தினபாய் முகத்தைச் சுளித்தாள்.

"வேதவசன காலண்டர் பக்கத்துலயா இத மாட்டுவீங்க?"

"ரெண்டும் தினம் பாக்க வேண்டியதுதான், ரத்தினா."

கோவளத்திலிருந்து வாரா வாரம் வந்த கருவாடு நின்றது. ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. மூன்றாம் மாதம் கல் தானே வெளியேறியது. மிளகு அளவு. கழுவி, மருந்துச் சீசாவில் போட்டுத் தேதி எழுதி வைத்தார்.

கடைசியில் அந்த ஆணியில் பதினான்கு நோட்டுகள் தொங்கின, ஆண்டுக்கு ஒன்றாக. பதினான்காவதில் வரிகள் 1998 பிப்ரவரி ஒன்பதோடு நிற்கின்றன. சாலமோன் போனது இதயத்தால். சிறுநீரகங்கள் இரண்டும் கடைசி நாள்வரை சரியாகத்தான் வேலை செய்தன. கடைசி வரிக்கு எதிரே நிறம்: ஒன்று.

1985 நவம்பரில் எக்ஸ்ரே சுத்தம். சாலமோன் தண்ணீர்க் கூஜாவோடு வண்டியேறினார்.

"இன்னா நாலு நிமிஷம், கூஜாவோட வந்துகீற? டூருக்கா?" என்றார் முனிரத்தினம்.

"ஆமா. பீச்சுக்கு."

மூன்று வாரம் கணக்குப் பிசகவில்லை. நான்காம் வாரம் பீச்சில் கழிப்பறைக்குள் ஆள். நின்றார். திரும்பிவிடலாம், அடக்கலாம், நாளை முதல் கூஜாவை வீட்டிலேயே விட்டுவிடலாம். அந்த வழி எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்: மேசை. எனவே காத்திருந்தார். வண்டி இரண்டு நிமிடம் தாமதம்.

தாம்பரத்தில் பதிவேட்டைத் திறந்தபோது தோத்தாத்ரி காதோடு சொன்னார். "சார், சிக்னல் கிடைக்கலன்னு எழுதிடுங்க. நானும் அப்படியே எழுதிடறேன்."

"சிக்னல்காரன் என்ன பாவம் பண்ணான்?"

எழுதினார்: 'சிறுநீர் கழிக்கச் சென்றேன். 2 நிமிடம்.' கையெழுத்திட்டார். பதிவேட்டை மூடாமல் விரித்தபடியே வைத்தார்.

அடுத்து வந்தவர் முனிரத்தினம். படித்தார். அறையில் நான்கு பேர் சிரிப்பதற்குத் தயாராக அவர் வாயைப் பார்த்தார்கள். முனிரத்தினம் கையெழுத்திட்டுப் பேனாவை மூடினார். வெளியே பிளாட்பாரத்தில், டீக்கடை தாண்டியதும், சாலமோனின் தோளைத் தொட்டார்.

"மச்சான். எனக்கும் ரெண்டு மாசமா இங்க வலிக்குதுடா. வூட்டுல வாயுன்னு சொல்லிகினு கீறேன்."

சாலமோன் சிரிக்கவில்லை. கூஜாவின் மூடியைத் திருகி, அதிலேயே தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"குடி. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன்."

"வண்டிய விட்டு எறக்கிடுவாங்களேடா."

"ஆறு மாசம். அப்புறம் நீயே ஏறுவ. நோட்டு நான் தரேன்."

முனிரத்தினம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார்.