ஆட்டோவை ஸ்டார்ட் செய்யும் பாட்டு

பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதெல்லாம் ஓட்டுப் போடத்தான். எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஓசூர் டவுன் பஸ் போர்டு. அதனால் பஸ் போர்டு நீளத்துக்கு எதையும் படித்துவிடுவேன். அதற்கு மேல் போனால் மூச்சு வாங்கும். அப்பேர்ப்பட்டவனிடம் போய் மடத்துச் சாமியார், "பைபிள்ல இருந்து ஒரு வாசகம் நீங்களே எடுத்துக் குடுங்க அண்ணா" என்றார்.

என் மனைவிக்கு முப்பதாம் நாள் பூசை. அதைப் பேசி முடிவு செய்யத்தான் மத்திகிரி தாண்டி இருக்கிற அந்தத் துறவிகள் மடத்துக்குப் போயிருந்தோம், நானும் என் மச்சானும். மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். மத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். பிறவியிலேயே கிறிஸ்தவர். நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை.

அவள் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். ஒரு நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "தல வலிக்குதுய்யா, ரெண்டு நிமிசம் இரு" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். நான் வெளியே ஆட்டோவில் இருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் மத்தூரில் அவர்கள் குடும்பக் கல்லறையில் நடந்தது. எல்லாவற்றையும் மச்சானும் உறவுக்காரர்களும் பார்த்துக்கொண்டார்கள். அடக்கப் பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், நானும் எழுந்தேன். அவர் கால் மரத்துப்போய் எழுந்தவராம். என்னைப் பார்த்து என் பின்னால் இருந்த ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அவள் மட்டும் பார்த்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். அப்புறம் கூட்டத்தில் யார் யாரோ என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். அவளை நான் வழியனுப்பவே இல்லை. இந்தப் பூசை ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது.

சாமியார் கன்னடக்காரர். மரியாதைக்கு நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன்.

"தமிழ்லயே பேசுங்க அண்ணா" என்றார். "உங்களோடது கண்டக்டர் கன்னடம்."

"மூணு பாஷை பேசுவேன் சாமி. எதுலயும் கையெழுத்து மட்டும் வராது."

அவர் சிரித்துவிட்டு மூன்று வாசகங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். "எது வேணும்?"

"எது சின்னதோ அதப் போடுங்க."

மச்சான் முழங்கையால் இடித்தார். "மாப்ள, இது என்ன புரோட்டாக் கடையா?"

கடைசியில் வாசகத்தை மச்சானே தேர்ந்தெடுத்தார். சாமியார் என்னைப் பார்த்தார். "பாட்டாவது நீங்க சொல்லுங்க. அக்காவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"

ஞாயிறு தவறாமல் அவளை இந்த மடத்துக் கோயிலுக்கு அழைத்து வந்தவன் நான். ஆனால் உள்ளே போனது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிது. எல்லோரும் வரிசையாகப் போய் எதையோ வாங்கிச் சாப்பிட்டார்கள். பிரசாதம் என்று நினைத்து நானும் வரிசையில் நின்றேன். அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வெளியே விட்டாள். "அது நன்மைய்யா, நற்கருணை. ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத்தான். சோத்துக்கு வரிசைன்னா மொத ஆளா நிப்பியா?" அன்றிலிருந்து அவள் உள்ளே, நான் வெளியே தைலமரத்தடியில் ஆட்டோவுக்குள். "நீ வெளிய இருந்தாத்தான் எனக்கு செபமே வருது. உள்ள வந்தா சிரிப்புதான் வருது" என்பாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை நான் கண்ணால் முழுதாகப் பார்த்ததே இல்லை. காதால் எல்லாம் தெரியும்.

"சாமி, ஒரு சின்ன மணி அடிப்பீங்கல்ல? அப்ப நான் வாயில இருக்கற பாக்கத் துப்பிருவேன்."

"ஏன்?"

"அவதான் சொல்லுவா. அந்த மணிக்கு சாமி எறங்கி வர்றாராம். பாக்கு மென்னுக்கிட்டு இருக்காதன்னு. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே வராது. அப்ப முன்கண்ணாடியத் தொடைப்பேன். கடைசியா ஒரு பாட்டு வரும். அது ஆரம்பிச்சா வண்டிய ஸ்டார்ட் பண்ணுவேன். பாட்டு முடியறதுக்குள்ள அவ வந்து ஏறிருவா. அந்தப் பாட்டப் போடுங்க."

"என்ன பாட்டு அது?"

எனக்கு வார்த்தை தெரியாது. இழுத்துப் பாடிக் காட்டினேன். தோட்டத்தில் கட்டியிருந்த மடத்துப் பசு திரும்பிப் பார்த்தது. சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே ஒவ்வொரு பாட்டாக மெல்லப் பாடிப் பார்த்தார். இதுவா என்றார், இல்லை என்றேன். இதுவா என்றார், இல்லை. அடுத்ததை ஆரம்பித்தபோது என் வலது கை தானாக முன்னால் போய், இல்லாத சாவியைத் திருகியது.

சாமியார் பாடுவதை நிறுத்தினார்.

மச்சான்தான் முதலில் பேசினார். "சாமி, அது மாதா பாட்டு. ஞாயித்துக்கிழம சந்தோசமா பாடறது. முப்பதாம் நாள் பூசையில பாடினா ஊர்ல இருந்து வர்ற சனம் என்ன நெனைக்கும்? சிரிக்கும்."

"நம்மளப் பாத்து ஊரு சிரிக்கறது புதுசா மச்சான்?"

"உனக்கு எல்லாத்துலயும் வெளையாட்டு."

சாமியாரும் தயங்கினார். "வழக்கமா எறந்தவங்க பூசையில வேற பாட்டுதான் அண்ணா. கொஞ்சம் துக்கமா இருக்கும். நல்ல பாட்டு."

"நல்ல பாட்டாவே இருக்கட்டும் சாமி. ஆனா அந்தப் பாட்டு வந்தாத்தான் அவ வெளிய வருவா."

நான் சொல்வது எல்லாமே ஜோக் மாதிரிதான் வாயில் இருந்து விழும். இதுவும் அப்படித்தான் விழுந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டுக்குள் இருந்தே சொன்னார்.

"அதையே போடுங்க சாமி."

பூசை அன்று நல்ல பனி. எதிரே ரோஜாப்பூ வளர்க்கிற பிளாஸ்டிக் கொட்டகைகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வழக்கம்போலத் தைலமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கோயிலுக்குள் பெரிதாக எதுவும் இல்லை. வெறும் கல் சுவர், ஒரு சிலுவை. இதைப் பார்க்கவா வாராவாரம் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள் என்று இருந்தது. மச்சான் முழங்கையால் இடித்து இடித்து என்னை எழுப்பினார், உட்கார வைத்தார். இடது விலாவில் எனக்கு ஒரு டிரைவர்.

அந்தச் சின்ன மணி அடித்தது. வாயில் பாக்கு இல்லை. இருந்தாலும் எச்சிலை விழுங்கிக்கொண்டேன். பிறகு எல்லோரும் வரிசையில் போனார்கள். நான் போகவில்லை. சட்டையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. அப்புறம் அந்த நீளமான அமைதி வந்தது. குனிந்து பார்த்தால் என் கைத்துண்டு முன்னால் இருந்த மரப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தார். துறவிகள் அந்தப் பாட்டை ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்ததும் தெரியாது, நடந்ததும் தெரியாது. தெரியும்போது ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கோயில் வாசல் தெரிந்தது. அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, எப்போதும் யாரிடமாவது ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவாள். ஏறினதும் பின்னால் இருந்து கம்பியைத் தட்டி, "போலாம்யா" என்பாள்.

சனம் வெளியே வர ஆரம்பித்தது. வண்டி லேசாக ஆடியது. யாரோ ஏறினார்கள். கம்பியைத் தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"டிப்போ வரைக்கும் போகுமாண்ணா?" ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மா.

"இல்லம்மா" என்றேன். "ஆள் வருது."

அந்த அம்மா கோயில் வாசலை ஒரு தரம் பார்த்தார். "சரிண்ணா" என்று இறங்கிப் போய்விட்டார்.

பாட்டு முடிந்தது. மத்தூர் சனம் வந்தது, ஸ்டாண்டு ஆட்கள் வந்தார்கள். வாசலில் செருப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. கடைசியாக மச்சான் வந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், காலியான பின் சீட்டைப் பார்த்தார். என் தோளுக்கு மேலாகக் கையை விட்டு, சாவியைத் திருகி வண்டியை நிறுத்தினார்.