அப்பா பெஞ்சில் தட்டிய தாளம்

என் மகள் கரண்டியால் தட்டில் தாளம் போட்டால் முதலில் அதட்டிவிடுகிறேன். பிறகு, அதட்டியது சரிதானா என்று அன்று முழுக்க யோசிக்கிறேன்.

அறுபதுகளில் நாங்கள் பம்பாயில், தாராவியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தியவர் என் தாய்மாமா. ஆர்மோனியம் மட்டும்தான், கை தட்டக் கூடாது, கால் அசையக் கூடாது. தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்த அப்பாவுக்கோ பாட்டு கேட்டால் கை நிற்காது. பெஞ்சில் தட்டிவிடுவார். “பண்ணையார் வீட்டுச் சாவுக்குப் பறை அடிச்ச கையாச்சே, சும்மா இருக்குமா?” என்று பின்னால் யாராவது முணுமுணுப்பார்கள். எனக்கு உடம்பே கூசும்.

அமெரிக்காவிலிருந்து ஒரு பாடகி வருகிறார் என்றதும் அப்பாவிடம் சத்தியமே வாங்கிவிட்டேன்.

“தட்டமாட்டேம்ட்டி, போதுமா? கையக் கட்டிக்கிட்டே இருக்கேன்.”

வந்தவர் அப்பாவைவிடக் கறுப்பு. மாலையோடு நின்ற மாமா, அமெரிக்காக்காரி இன்னும் வரவில்லை என்று அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் பாட்டியின் பாட்டியைச் சந்தையில் நிறுத்தி விற்றார்கள் என்று அவர் சொன்னார். மாமா மொழிபெயர்த்தார். அடிமைகளிடமிருந்து முரசைப் பிடுங்கிவிட்டார்களாம்.

“அதனால கையே முரசாச்சுன்னு சொல்லுதாவ,” என்றபோது மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

அவர் கை தட்டிப் பாடத் தொடங்கினார். ஒருவரும் சேரவில்லை. திடீரென்று பெஞ்சில் தாளம். குழுவில் நின்ற நான் அப்பாவை முறைத்தேன். அவர் சட்டென்று கைகளைக் கட்டிக்கொண்டார்.

பாட்டு நின்றது. பாடகி அப்பாவைக் காட்டி மாமாவிடம் ஏதோ சொன்னார்.

“அத்தான், நிறுத்தாண்டாமாம். நீங்க தட்டினாத்தான் பாடுவாவளாம்.”

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா, “தட்டுங்களேன், இப்ப மட்டும் என்ன வெக்கம்!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா தட்டினார். அந்தத் தாளத்தின்மேல் அந்தக் குரல் ஏறி நின்றது. அடுத்த அடிக்குள் சர்ச் முழுக்கக் கை தட்டியது; ஆர்மோனியத்துக்கு அடியில் மாமாவின் காலும் அசைந்தது. பக்கத்துப் பெண்ணைக் கிள்ளி, “எங்க அப்பா” என்றேன், அவளுக்குத் தெரியாததுபோல.

ஒன்று மட்டும் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. மாமா சொன்னதும் அப்பா உடனே தட்டவில்லை, என்னைப் பார்த்தார். என்னிடம்தான் அனுமதி கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் தலையாட்டினேனா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.