மாத்திரை தின்ற புல்

கோதுமைப்புல் வளர்ப்பதைப் போல சுலபமான தொழில் கிடையாது. அதை வாங்குகிறவர்களிடம் பேசுவதைப் போல கொடுமையான தொழிலும் கிடையாது. கோதுமையை ஊறவைத்து, தட்டில் தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, மேலே தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் எட்டாம் நாள் ஒரு சாண் உயரத்துக்கு வந்து நிற்கும். பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வளர்த்து, தட்டோடு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் தினமும் காலையில் ஒரு கைப்பிடி கத்தரித்து, பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்து வடிகட்ட வேண்டும். அந்தச் சாற்றோடு வெள்ளரிக்காய், புதினா, ஒரு வாழைப்பழம் சேர்த்து மறுபடி அடித்தால் பச்சை ஸ்மூத்தி. இவ்வளவுதான் விஷயம். இதில் என்ன தப்பு நடந்துவிட முடியும் என்று நானும் நினைத்தேன். வீட்டிலிருந்தபடி எதையாவது செய்து விற்கிற என் இனத்தாரே, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

சக்கை

மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவரின் மனைவி போன் செய்தார். குரலிலேயே சண்டை. ஸ்மூத்தி தொண்டையில் இறங்கவே இல்லையாம், நார் நாராகச் சிக்குகிறதாம், பிள்ளைகள் டம்ளரைப் பார்த்தாலே ஓடுகிறார்களாம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். நான் சொன்ன மாதிரியே நறுக்கினாராம், அடித்தாராம், வடிகட்டினாராம். அப்புறம் வடிந்த பச்சைச் சாற்றை அப்படியே ஸிங்க்கில் ஊற்றிவிட்டு, சக்கையை எடுத்து வாழைப்பழத்தோடு அடித்திருக்கிறார். பத்து நாளாக.

எட்டு நாள் கண்ணும் கருத்துமாக வளர்த்த புல்லின் சாறு மாரண்டஹள்ளி சாக்கடைக்குப் போயிருக்கிறது. சத்தெல்லாம் சாற்றில்தான் இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னதும் அவர் கேட்டார்: "ஏங்க, மாடு சக்கையோடதானே திங்குது? அது நல்லாத்தானே இருக்குது?"

குங்குமம் வைத்த தட்டு

மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஒரு வீட்டுக்குத் தட்டு கொடுத்திருந்தேன். கேட்டது மருமகள். அவள் ஆபீஸ் போயிருந்தபோது மாமியார் அதைப் பார்த்துவிட்டார். தளதளவென்று நிற்கிற இளம்பயிர், பண்டிகை நேரம். முளைப்பாரி என்றே முடிவு செய்து, குங்குமம் வைத்து, பூ சுற்றி, சாமி அலமாரிக்கு முன்னால் வைத்துவிட்டார். மருமகள் கத்தரிக்கோலோடு போனபோது வீட்டில் பெரிய ரகளை.

சமாதானம் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். இது கோயில் முளைப்பாரி இல்லை, குடிக்கிற புல்தான் என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்தாவுக்கு வெச்சதை அறுத்து மிக்ஸில போடச் சொல்றியே, நீயெல்லாம் பொம்பளையா?"

கண்டக்டரின் விளம்பரம்

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். முனிரத்தினம் அண்ணனைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரை வியாதி உண்டு. என்னிடம் முதலில் தட்டு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு மாதம் ஸ்மூத்தி குடித்துவிட்டு, உடம்பு லேசாக இருக்கிறது என்றார். எனக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் டீக்கடை, கோயில், கல்யாண மண்டபம் என்று போகிற இடமெல்லாம் கோதுமைப்புல் சர்க்கரையை அடியோடு எடுத்துவிடும் என்று சொல்ல ஆரம்பித்தார். ஆர்டர்கள் குவிந்தன. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த முதல் சில வாரங்கள் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்வது தப்பு என்று தெரியும். மொட்டைமாடியில் தட்டு வைக்க இடம் போதவில்லை என்கிற பெருமை என் வாயை அடைத்துவிட்டது.

தொப்பூர் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கிற ஒருவர் வந்து, "சக்கரை மருந்து குடுங்க" என்று கேட்ட அன்றுதான் விழித்துக்கொண்டேன். அன்றே ஒரு சீட்டு அச்சடித்தேன். 'இது மருந்து அல்ல. மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று தட்டுக்குத் தட்டு ஒட்டினேன். முனிரத்தினம் அண்ணன் அதைப் படித்துவிட்டு, கூட இருந்தவரிடம் கண்ணடித்தபடி விளக்கம் சொன்னார்: "மருந்துன்னு போட்டா கவர்மெண்டு புடிச்சுக்கும். அதுக்காகப் போட்டிருக்குது. நமக்குத் தெரியாதா?"

காலி அட்டை

ஒரு நாள் அவர் மனைவி சரோஜா அண்ணி என் வீட்டுக்கே வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் மாத்திரை போடுவதையே விட்டுவிட்டாராம். வலது கால் சுண்டு விரலில் செருப்பு கடித்த புண், மூன்று வாரமாக ஆறவில்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், புல் பார்த்துக்கொள்ளும் என்கிறாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராக அவர் வீட்டுக்குப் போய், இனிமேல் மாத்திரை தீர்ந்த காலி அட்டையைக் காட்டினால்தான் அடுத்த தட்டு, இல்லாவிட்டால் ஒரு புல்கூடக் கிடையாது என்றேன். புண்ணை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "முப்பது வருசம் ஏறுற ஆளுங்ககிட்ட எல்லாம் டிக்கெட்டு கேட்டவன்மா நானு. என்கிட்டயே நீ டிக்கெட்டு கேக்கறயா?"

மஞ்சள் மூலை

கேட்டேன்தான். அவரும் காட்டினார். அடுத்தடுத்து இரண்டு காலி அட்டைகளை நீட்டினார், நானும் நல்ல பிள்ளையாகத் தட்டுகளைக் கொடுத்துவிட்டு, ஒரு மனுஷனைத் திருத்திவிட்டேன் என்று வீட்டில் பெருமையடித்தேன். புண்ணைப் பற்றிக் கேட்டால், ஆறிக்கொண்டு வருகிறது என்றார். கேன்வாஸ் ஷூ போட ஆரம்பித்திருந்தார். சந்தேகப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

மூன்றாவது தட்டு கொடுத்த ஐந்தாம் நாள், புல் ஒரு மூலையில் மஞ்சளாகிறது, உன் விதை சரியில்லை என்று ஆள் அனுப்பினார். என் விதையைக் குறை சொன்னால் விடுவேனா? போய்ப் பார்த்தேன். மூலையில் புல் சாய்ந்து கிடந்தது. நார்த்தூளை விரலால் கிளறினேன். வெள்ளை வெள்ளையாகக் கையில் வந்தது. மாத்திரைகள். சில கரைந்து மாவாகியிருந்தன, சில எழுத்துகூட அழியாமல் முழுசாக இருந்தன. தினமும் காலையில் அட்டையிலிருந்து பிதுக்கி என் தட்டிலேயே புதைத்திருக்கிறார்.

சரோஜா அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் அசையவில்லை. மிச்சம் தர வேண்டிய சில்லறையைக் கணக்காகச் சொல்லுகிற நிதானத்தில் சொன்னார்: "எதுக்கும்மா சத்தம் போடறே? மாத்திரையப் புல்லு சாப்புடுது. புல்ல நான் சாப்புடறேன். எல்லாம் எனக்குள்ளதானே வருது?"

டாக்டர் கேட்டது

ஷூவைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். அண்ணி அவர் காலடியில் உட்கார்ந்து இழுத்தே கழற்றிவிட்டார். வந்த நாற்றத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. விரல் கறுத்திருந்தது. ஆட்டோ பிடித்து இரண்டு பேருமாக தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அண்ணி அவர் கையை விடவில்லை. நான் மனசுக்குள் வேண்டாத சாமி இல்லை. காலே போய்விடுமோ என்கிற பயம் ஒரு பக்கம், ஆரம்பத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே என்கிற குற்ற உணர்ச்சி ஒரு பக்கம்.

டாக்டர் காலைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், விரலை எடுத்தே ஆக வேண்டும் என்றார். எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்று கேட்டதும் அண்ணன் ஒன்று விடாமல் புல் புராணம் பாடினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். என் பையில் அந்த 'மருந்து அல்ல' சீட்டு ஒரு கட்டு இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன், அவர் வாங்கவே இல்லை. சீட்டு அச்சடித்தவள், சண்டை போட்டவள், இழுத்துக்கொண்டு வந்தவள் எல்லாம் நான். நர்ஸ்கள், நோயாளிகள், மேசை துடைக்கிற அம்மா, அத்தனை பேர் முன்னாலும் அவர் கேட்டது இதுதான்: "படிச்ச பொம்பளைதானே நீங்க? புல்லை வித்து ஆளைக் கொல்றதுக்கு வெக்கமா இல்ல?"

முதல் சில வாரங்களை நினைத்தபோது அவர் கேட்டது சரிதான் என்று பட்டது. மற்ற மாதங்களை நினைத்தபோது அழுகை வந்தது.

விசாரிக்க வந்தவர்கள்

சுண்டு விரலோடு போயிற்று. கால் தப்பியது. இப்போது அவருக்கு இன்சுலின் ஊசி. சரோஜா அண்ணியே கற்றுக்கொண்டு தினமும் தன் கையால் போட்டுவிடுகிறார். ஊசியைப் புல்லில் புதைக்க முடியாது இல்லையா. அவருக்குத் தட்டு கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்த வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். ஹால் நிறைய ஆட்கள். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு அண்ணன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என் காதாலேயே கேட்டேன், டாக்டர் பேர் வரவில்லை, ஊசி பேர் வரவில்லை, ஆட்டோவில் தூக்கிப்போட்ட பெண்டாட்டி பேர்கூட வரவில்லை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, எல்லாருக்கும் என்னைக் காட்டினார். "இந்தம்மாதான். இத்தனை மாசம் அந்தப் புல்லு குடிச்சதாலதான் ஒரே வெரலோட போச்சு. இல்லன்னா காலையே எடுத்திருப்பாங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள், மூலையில் இருந்த ஒருவர் எழுந்து பயபக்தியோடு கேட்டார்: "எங்க வூட்டுக்கும் ரெண்டு தட்டு போடுங்கம்மா. எனக்கும் கால்ல ஒரு புண்ணு இருக்குது."

அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்: எட்டே நாளில் கோதுமையைப் புல்லாக்கிவிடுகிற எனக்கு, அது வெறும் புல்தான் என்பதை ஒரே ஒரு ஆளின் மண்டையில் முளைக்கவைக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ தெரியவில்லை.