ஆள்காட்டிக்கு நான்கு செங்கல்

மனைவி இறந்த பிறகு வந்த கோடையில், மச்சான்தான் என்னைக் கள்ளிக்குப்பம் பக்கம் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவான். அவளுடைய தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. லீவு நாளில் கழுத்தில் பைனாகுலர். "ஊட்லயே குந்திகினு இன்னா பண்ணப் போற மாமா, வா" என்பான். போகாவிட்டால் வாசலிலேயே நிற்பான். அதனால் போனேன். ஆசைப்பட்டெல்லாம் இல்லை.

வெளிச்சம் வருவதற்கு முன்பே சம்புப் புதருக்குள் கதிர்க்குருவி பாட ஆரம்பித்துவிடும். உருவம் தெரியாது, கரகரத்த குரலில் ஓயாத நச்சரிப்பு மட்டும் வரும். மச்சான் அப்படியே உருகிப்போவான். "கேக்குதா மாமா?" கேட்டது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவதும் எனக்கு அப்படித்தான் கேட்கும்.

ஒருநாள், தண்ணீர் வற்றிய திட்டில் ஆள்காட்டி முட்டையிட்டிருப்பதைக் கண்டுபிடித்தான். கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறும் தரையில் சரளைக்கல் நிறத்தில் நான்கு முட்டை. மாடு மிதிக்கும், பைக் ஏறும். தாய்ப்பறவை எங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அன்றிலிருந்து மச்சானுக்கு அதே நினைப்புதான். போன் செய்தால் முட்டை, சாப்பாடு கொண்டுவந்தால் முட்டை. "இது மட்டும் குஞ்சு பொரிச்சிடணும் மாமா" என்றான். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், ஊட்டுக்கு வந்துடணும் மாமா என்று இப்படித்தான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். இரண்டு தடவையும் நான் தலையாட்டினேன்.

மறுநாள் நான்கு செங்கல் கொண்டுவந்தான். யாரும் மிதித்துவிடக் கூடாதென்று முட்டைகளைச் சுற்றி நான்கு மூலைக்கும் வைத்தான். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சுண்ணாம்பு வேறு அடித்திருந்தான். நல்ல மனசுதான். ஆனால் எங்கள் பக்கத்தில், காலி நிலத்தில் நான்கு மூலைக்கு வெள்ளைக்கல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்: எவனோ பிளாட்டு பிடித்துவிட்டான். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். முட்டை கண்ணை மறைத்துவிட்டது. எனக்கோ அந்த நாட்களில் எதுவுமே தோன்றியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் திட்டு முழுக்கக் கல்லும் கயிறும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். எங்கள் கல் இருந்த இடத்தில் ஒரு வண்டி கட்டட ரப்பிஷ் கொட்டிக் கிடந்தது. கடப்பாரையோடு நின்ற ஒருவர் எங்களிடமே நியாயம் கேட்டார்.

"எவனோ மொத கல்ல போட்டுட்டான் அண்ணாத்தே. நாங்க மட்டும் வாயப் பாத்துகினு நிக்கணுமா?"

"அது முட்டைக்கு வச்ச கல்லுய்யா!" என்று கத்தினான் மச்சான்.

அவர் சிரித்துவிட்டார். மச்சான் வெறுங்கையால் ரப்பிஷை வாரி எறிய ஆரம்பித்தான். விரலெல்லாம் ரத்தம். அவன் வாயில் வராத வசவு இல்லை. முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்ததும் அப்படியே உட்கார்ந்து, "அக்கா, அக்கா" என்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். மேலே ஆள்காட்டி அந்த இடத்தைவிட்டுப் போகாமல் கத்திக்கொண்டிருந்தது.

நான் அவனுடைய பைனாகுலரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மேலும் அந்தப் பறவை மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.